ரோமர் காலக் கற்களில் எகிப்தியத் தெய்வங்கள்: முத்திரையா, தாயத்தா?

ரோமப் பேரரசுக் காலத்துச் சிறு கற்களில் சிங்கத்தலைப் பாம்பு, தாமரைமேல் உட்கார்ந்த குழந்தை, ஐசிஸ், செராபிஸ் என்று எகிப்திய உருவங்கள் அடிக்கடி வருகின்றனவே, இவை முத்திரை குத்தவா, மந்திரத்துக்கா, கல்லைப் பார்த்தே பிரிக்க முடியுமா என்பது கேள்வி.

முடியும். இரண்டு வேறு பொருள்கள் ஒரே பெயரில் கலந்து கிடப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஒன்று முத்திரைக்கல், அதிலுள்ள தெய்வம் உடையவரின் பக்தியையோ ரசனையையோ காட்டும். மற்றது தாயத்துக்கல், அதில் தெய்வத்தை ஒரு வேலைக்கு அமர்த்தியிருப்பார்கள். வயிறு செரிக்க வேண்டும், உதிரப்போக்கு நிற்க வேண்டும், எதிராளியின் கோபம் அடங்க வேண்டும், இப்படி ஏதோ ஒன்று. இந்த இரண்டாம் வகையைச் சாமி படமாகப் பார்த்தால் பாதிதான் புரியும். மருந்துச் சீட்டைப் போலப் படிக்க வேண்டும். கல்லின் நிறம், முன்பக்க உரு, எழுத்து, பின்பக்கம் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் சீட்டு முழுமையாகும்.

பிரித்தறிய முதல் சோதனை எழுத்தின் திசை. முத்திரைக்கல்லில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி வெட்டப்பட்டிருக்கும். மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்தினால்தான் நேராகும். தாயத்துக்கல்லில் எழுத்து கல்லிலேயே நேராக இருக்கும், ஏனென்றால் அதை எங்கும் அழுத்தப் போவதில்லை. இங்கே ஒரு கண்ணி உண்டு. பழைய அருங்காட்சியகப் பட்டியல்கள் பலவற்றில் கல்லைப் படம் பிடிக்காமல் அதன் சாந்து அச்சைப் படம் பிடித்திருப்பார்கள், குழிவான வேலை கறுத்த கல்லில் தெளிவாகத் தெரியாது என்பதால். அச்சைக் கல் என்று நினைத்தால் எல்லாமே தலைகீழாகிவிடும். உரு மேடாக இருக்கிறதா குழிவாக இருக்கிறதா என்று நிழலைப் பார்த்து உறுதி செய்துகொண்டு பிறகு திசையைப் பேசுங்கள்.

அடுத்து, கல்லைத் திருப்பிப் பாருங்கள். முத்திரைக்கல்லின் பின்பக்கம் மோதிரக் கூட்டுக்குள் போய்விடும், அதில் வேலை இராது. தாயத்துக்கல்லில் பின்பக்கமும் நிரம்பியிருக்கும்; சில சமயம் ஓரத்துச் சாய்வுப் பட்டையிலும் எழுத்து ஓடும். மோதிரத்தில் பதித்துவிட்டால் உடலை ஒட்டியுள்ள அந்த எழுத்தை யாரும் படிக்க முடியாது. யாரும் படிக்க வேண்டும் என்று வெட்டியதும் அல்ல அது. ஆனால் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் இதனால் நமக்குப் பாதிச் சீட்டுதான் கிடைக்கும்.

மூன்றாவது, தாயத்துக்கல்லில் எழுத்து கிரேக்கம்தான், ஆனால் சொல் பெரும்பாலும் கிரேக்கம் அல்ல, மந்திரச் சொல். எகிப்தியத் தெய்வத்தைச் செதுக்கிவிட்டு எகிப்தியச் சித்திர எழுத்தைப் பயன்படுத்தியிருப்பது மிக அரிது.

காலத்தைப் பொறுத்தவரை, எகிப்தியத் தெய்வம் பொறித்த முத்திரை மோதிரங்கள் முதலில் வந்தன. ஹார்ப்போக்ரேட்டீஸ் (தாமரைமேல் வரும் அந்தக் குழந்தைத் தெய்வம்) உருவத்தையும் மற்ற எகிப்தியத் தெய்வங்களையும் இப்போது ஆண்களும் விரலில் அணியத் தொடங்கிவிட்டார்கள் என்று ரோம எழுத்தாளர் மூத்த பிளினி எழுதுகிறார். அவர் இறந்தது கி.பி. 79இல். அந்த வரியில் கொஞ்சம் முகச்சுளிப்பு தெரிகிறது. தாயத்துக்கற்கள் முதல் நூற்றாண்டில் தலைகாட்டி, 2, 3ஆம் நூற்றாண்டுகளில் பெருகி, 5ஆம் நூற்றாண்டு வாக்கில் தேய்ந்துபோகின்றன.

இனி கல். நிறத்துக்கும் வேலைக்கும் உள்ள கணக்கு ரோமர் கண்டுபிடித்தது இல்லை. எகிப்தின் இறந்தோர் நூலில் 156ஆம் மந்திரம் ‘ஐசிஸ் முடிச்சு’ என்னும் தாயத்தைச் சிவப்பு ஜாஸ்பரில் (ஒளி ஊடுருவாத குவார்ட்ஸ் வகைக் கல்) செய்து இறந்தவர் கழுத்தில் வைக்கச் சொல்கிறது. மந்திரமே ஐசிஸின் இரத்தத்தை விளித்துத் தொடங்குகிறது. சிவப்புக் கல் இரத்தம் தொடர்பான வேலைக்கு என்பது அவ்வளவு பழைய எண்ணம். ரோமர் காலத்தில் அந்த இடத்தை ஹேமடைட் என்னும் இரும்புத்தாதுக் கல் பிடித்துக்கொண்டது. பார்க்கக் கறுப்பு, பட்டை தீட்டினால் இரும்புபோல் மினுங்கும், உரசினால் செம்பொடி உதிரும். பெயரே இரத்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கறுத்த கல்லுக்குள்ளிருந்து செந்நிறம் வருவதைப் பார்த்தவர்களுக்கு, இது இரத்தத்தை அடக்கி வைத்திருக்கும் கல் என்று தோன்றியதில் வியப்பில்லை.

ஹேமடைட்டில் அதிகம் வருவது கருப்பைத் தாயத்து. முன்பக்கத்தில் தன் வாலைத் தானே கவ்விய பாம்பு வட்டமாக ஓடும். வட்டத்துக்குள் கவிழ்த்துவைத்த குடுவைபோல ஒரு உரு, அதுதான் கருப்பை. மேலே இரண்டு பக்கமும் இழைகள் பிரியும், கீழே வாய்ப்பகுதியில் பல பற்கள் கொண்ட ஒரு சாவி கிடக்கும். குடுவை உருவம் ஏன் என்றால், அன்றைய மருத்துவர்கள் இரத்தம் உறிஞ்சி எடுக்க வைத்திருந்த குப்பியோடு கருப்பையை ஒப்பிட்டு விளக்கினார்கள். 2ஆம் நூற்றாண்டில் பெண்மருத்துவம் எழுதிய எபேசஸ் நகரத்துச் சோரானஸும் அப்படித்தான் சொல்கிறார். சாவி மூடவும் திறக்கவும். உதிரம் போகாமல், கரு நழுவாமல் மூட வேண்டும். பேறுகாலத்தில் திறக்க வேண்டும். குடுவைக்கு மேலே ஐசிஸ், நரித்தலை அனூபிஸ், ஆட்டுத்தலை க்னூம் போன்றவர்கள் நிற்பார்கள். க்னூம் எகிப்தியக் கதையில் மனிதரைக் குயவர் சக்கரத்தில் வனைபவர், ஆகவே கருப்பைமேல் அவரை நிறுத்தியது பொருத்தமான நியமனம். எழுத்தில் ‘ஒரோரியூத்’ என்ற சொல் அடிக்கடி வரும். இந்தச் சொல்லைக் கண்டால் உரு தேய்ந்திருந்தாலும் கருப்பைத் தாயத்து என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். ஒரு கல்லில் நேரடிக் கிரேக்கத்திலேயே கட்டளை இருக்கிறது: கருப்பையே, ஒடுங்கு, இல்லாவிட்டால் டைஃபோன் பிடித்துக்கொள்வான். கருப்பை உடலுக்குள் இடம்பெயர்ந்து அலையும் என்ற கிரேக்க மருத்துவ நம்பிக்கையும், சேத் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் கிரேக்கப் பெயரும் ஒரே வரியில் சந்திக்கின்றன.

இதில் மருத்துவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. கருப்பை உதிரப்போக்கைப் பேசும் இடத்தில் சோரானஸ், இப்படிப்பட்ட தாயத்துகளை நாங்கள் பொருட்படுத்துவதில்லை, ஆனாலும் தடுக்க வேண்டாம், நேரடிப் பலன் இல்லாவிட்டாலும் நம்பிக்கையால் நோயாளியின் மனம் தெளியும் என்கிறார்.

இதைவிடச் சுவையான சாட்சி 2ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மருத்துவர் கேலன். அது சிங்கத்தலைப் பாம்பைப் பற்றியது. இந்த உருவுக்குக் கல்லிலேயே க்னூபிஸ் என்று பெயர் எழுதியிருக்கும். தடித்த பாம்புடல், சுருண்ட வால், சிங்கத்தலை, தலையைச் சுற்றிக் கதிர்கள். கதிர்கள் பெரும்பாலும் 7, சிலவற்றில் 12. ஏழாக இருக்கும்போது ஒவ்வொரு நுனியிலும் கிரேக்கத்தின் ஏழு உயிரெழுத்துகளில் ஒன்றை வைப்பதும் உண்டு. பின்பக்கத்தில் மூன்று பாம்பு வளைவுகளைக் குறுக்கே ஒரு கோடு வெட்டும் குறி இருக்கும். க்னூபிஸ் குறி என்றே இதைச் சொல்வார்கள், தனியாக இந்தக் குறி மட்டும் கொண்ட கற்களும் உண்டு. ஆட்டுத்தலை க்னூமோடு பெயர் ஒலி நெருங்குவதால் இருவரையும் ஒருவராக எண்ணிவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பாம்பு வருவது வேறு வழியில்: எகிப்தியர் ஆண்டைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்து, 36 பகுதிக்கும் ஒவ்வொரு வானத்துக் காவலரை வைத்தார்கள், கடகமும் சிம்மமும் சேரும் இடத்துக் காவலர்தான் இவர். அந்தக் காவலர்களுக்கு உடலின் ஒவ்வொரு பகுதி பொறுப்பு. இவர் பங்குக்கு வந்தது வயிறு.

பச்சை ஜாஸ்பரை வயிற்றுவாயில் படும்படி அணிந்தால் வயிற்றுக்கு நல்லது, சிலர் அதில் கதிர்சூடிய பாம்பையும் செதுக்கிக்கொள்கிறார்கள், எகிப்திய அரசர் நெக்கெப்சோஸ் அப்படி எழுதியிருக்கிறார் என்று கேலன் குறிப்பிடுகிறார். அதோடு விடவில்லை. அந்தக் கல்லில் சிறு மணிகளைக் கோத்து, வயிற்றுவாய்க்கு வரும் நீளத்தில் மாலையாக்கிச் சோதித்திருக்கிறார். செதுக்கு இல்லாவிட்டாலும் பலன் குறையவில்லை என்பது அவர் முடிவு. பாம்பைத் தள்ளிவிட்டுக் கல்லை வைத்துக்கொண்டார்! கல்லே பாதி மருந்து என்ற நம்பிக்கை எவ்வளவு ஆழம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கிடைத்த கற்களைப் பார்த்தால் பச்சை ஜாஸ்பர் மட்டுமல்ல, பச்சையும் வெண்மையுமான கால்செடனி என்னும் குவார்ட்ஸ் வகைக் கல்லிலும் க்னூபிஸ் நிறைய.

வயிற்றுக்கு இன்னொன்றும் உண்டு. பலிபீடத்தில் கட்டிய அன்றில் என்னும் ஐபிஸ் பறவை, தோத் தெய்வத்தின் பறவை, பக்கத்தில் ‘பெஸ்ஸே’ என்ற ஒரே சொல். ‘செரி’ என்று ஏவல். இதுவும் ஹேமடைட்டில். தாயத்துக்கற்களில் இவ்வளவு நேரடியாகப் பேசுபவை குறைவு.

தாமரைமேல் குழந்தைக்கு வருவோம். ஹார்ப்போக்ரேட்டீஸ் என்பது ‘குழந்தை ஹோரஸ்’ என்னும் எகிப்தியத் தொடரின் கிரேக்க உச்சரிப்பு. விரல் வாயருகே இருக்கும். ‘மௌனம், ரகசியம்’ என்று பல விளக்கப் பலகைகளில் படிப்பீர்கள். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் காலத்திலேயே கிரேக்க, ரோமர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். எகிப்தில் அது வெறும் குழந்தைக் குறி. சித்திர எழுத்தில் பிள்ளையைக் காட்ட வாயில் கை வைத்த உருவம்தான் எழுதுவார்கள். தலையில் ஒரு பக்கம் தொங்கும் சடையும் பிள்ளைப் பருவ அடையாளமே. தாமரையிலிருந்து எழும் குழந்தை விடியலில் எழும் சூரியன். நல்ல வேலைப்பாடுள்ள கற்களில் அவர் பாப்பிரஸ் படகில் இருப்பார், சுற்றிலும் விலங்குகள் மும்மூன்றாக வணங்கும்: மூன்று வண்டு, மூன்று பருந்து, மூன்று ஆடு, மூன்று முதலை, மூன்று பாம்பு. எகிப்திய எழுத்தில் ஒன்றை மூன்று முறை எழுதினால் பன்மை. ஆகவே மூன்று முதலை என்றால் ‘முதலை இனம் முழுதும்’ என்று படிக்கலாம்.

குழந்தையோடு வரும் சொற்களில் இரண்டைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். ஒன்று ‘அப்லநாதநால்பா’. கிரேக்கத்தில் 13 எழுத்து, நடுவில் தீட்டா என்ற எழுத்து, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. நம் மாலைமாற்று மாதிரி. (தமிழில் எழுதினால் உயிர்மெய் சேர்ந்து அந்த ஒழுங்கு கலைந்துவிடுகிறது.) மற்றது ‘பைன்கூஊக்’, எகிப்திய மொழியில் ‘இருளின் ஆன்மா’. கிரேக்க எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. இதன் எழுத்துகளைக் கூட்டினால் 3663. எண்ணும் இருபக்கமும் ஒன்றாகவே வாசிக்கிறது.

எண் விளையாட்டில் புகழ்பெற்றது அப்ரசாக்ஸ்: 1+2+100+1+200+1+60, மொத்தம் 365. ஆண்டின் நாட்கள். சேவல் தலை, கவச உடல், கால்களுக்குப் பதில் இரண்டு பாம்புகள், கையில் சாட்டையும் கேடயமும் கொண்ட உருவத்துக்கு இந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். கேடயத்தில் ‘இயாஓ’ என்று எழுதியிருக்கும். அது யூதர்களின் கடவுள் பெயரின் கிரேக்க வடிவம். இந்த உருவம் எகிப்தியக் கோயில் சுவர் எதிலும் கிடையாது, எனவே இதை எகிப்தியத் தெய்வம் என்று சொல்வது தவறு. அலெக்சாந்திரியாவின் பசிலிதெஸ் என்ற ஞானவாதி (ரகசிய ஞானத்தால் மீட்பு என்று போதித்த தொடக்ககாலக் கிறிஸ்தவப் பிரிவினர்) அப்ரசாக்ஸ் பெயரைப் பயன்படுத்தியதாகத் திருச்சபை எழுத்தாளர்கள் சொன்னதை வைத்து, 17ஆம் நூற்றாண்டு முதல் எல்லாத் தாயத்துக்கற்களையும் ‘ஞானவாதக் கற்கள்’ என்று அழைத்தார்கள். இன்று ஆய்வாளர் பெரும்பாலோர் அப்படி அழைப்பதில்லை. ஏல விற்பனைக் குறிப்புகள் இன்னும் விடவில்லை.

செராபிஸ், ஐசிஸ் இருவரும் பெரும்பாலும் முத்திரைக்கல் பக்கம். தாலமி மன்னர்கள் அலெக்சாந்திரியாவில் வளர்த்த தெய்வம் செராபிஸ். தாடி, தலையில் தானிய மரக்கால், காலடியில் மூன்று தலை நாய். ‘செராபிஸ் என்னும் ஸியுஸ் ஒருவரே’ என்ற வாசகம் அவரைச் சுற்றி வந்தால் அது வாழ்த்தொலி. மந்திரச் சொல் இல்லை. ஐசிஸை மார்பு முடிச்சு, கையில் கிலுகிலுப்பை, கொம்புகளுக்கிடையே வட்டு ஆகியவற்றால் அறியலாம்.

செய்முறையை நமக்குச் சொல்பவை எகிப்தில் கிடைத்த கிரேக்க மந்திரப் பாப்பிரஸ்கள். லெய்டனில் உள்ள ஒன்று சூரிய மோதிரத்துக்கு இப்படிச் சொல்கிறது: சிவப்புப் புள்ளி கொண்ட பச்சைக்கல்லை எடு, தடித்த பாம்பு ஒன்று மாலைபோல் வளைந்து தன் வாலைக் கவ்வியிருக்கட்டும், அதற்குள் கதிர் சூழ்ந்த புனித வண்டு, பின்பக்கம் சித்திர எழுத்தில் பெயர், பிறகு உருவேற்றி, தூய்மையாக இருக்கும்போது அணி. லண்டனில் உள்ள இன்னொன்று மரகதத்தில் வண்டு வெட்டி, துளையிட்டுப் பொன்கம்பி கோத்து, வண்டின் வயிற்றுப் பக்கம் ஐசிஸைச் செதுக்கச் சொல்கிறது. உருவேற்ற உகந்த நாட்கள் மாதத்தில் 7, 9, 10, 12, 14, 16, 21, 24, 25. கிடைத்த கற்கள் இந்தக் குறிப்புகளோடு எழுத்துக்கெழுத்துப் பொருந்துவது அரிது. பட்டறைக்காரர் கையிலுள்ள கல்லுக்கும் வாங்குபவர் பணத்துக்கும் ஏற்ப மாற்றியிருப்பார். மரகதம் கேட்ட இடத்தில் பச்சை ஜாஸ்பர் போயிருக்கும்.

வெட்டும் முறையைத் தெரிந்துகொண்டால் போலியும் பிடிபடும். கல் பெரும்பாலும் 1 முதல் 3 செ.மீ. நீளம், சில மி.மீ. தடிப்பு. குவார்ட்ஸ் இனக் கற்களுக்கு மோஸ் கடினம் 7, இரும்பு அதை வெட்டாது. வில்லால் சுழலும் கம்பியின் நுனியில் சிறு உருண்டையோ சக்கரமோ இருக்கும். எண்ணெயில் குழைத்த எமரித்தூள்தான் உண்மையில் வெட்டும். எமரியின் உயிர் குருந்தம், கடினம் 9. உலகம் முழுதும் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே நம் ‘குருந்தம்’ போய்ச் சேர்ந்ததுதான். சக்கரம் நேர்க்கோட்டைச் சுலபமாக இழுக்கும், வளைவுக்கு முரண்டு பிடிக்கும். அதனால் வட்ட எழுத்துகள் சாய்சதுரமாகவும் கட்டமாகவும் மாறிவிடும். ஆல்பா (Α), டெல்டா (Δ), லாம்ப்டா (Λ) மூன்றும் ஒரே முக்கோணமாகத் தெரியும். எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வெட்டியவருக்குக் கிரேக்கம் தெரியாவிட்டால் மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் மாறும். படிக்கும்போது இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ‘புரியாத புது மந்திரம்’ பல நேரம் பழகிய மந்திரமாகிவிடும்.

முரட்டு வேலைப்பாடு போலிக்கு அடையாளம் இல்லை. அசல் தாயத்துகளில் பெரும்பாதி முரடுதான். சந்தேகம் வர வேண்டியது வேறு இடங்களில். 17ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அச்சான படங்களைப் பார்த்து வெட்டியவற்றில் வெவ்வேறு கற்களின் காட்சிகள் ஒரே கல்லில் சேர்ந்திருக்கும், எழுத்து சக்கரக் கோடாக இல்லாமல் பேனா வளைவுபோல் ஓடும். வெட்டின் உள்விளிம்பு கூராகவும் வெளிப்பரப்பு மட்டும் தேய்ந்தும் இருந்தால் பழைய கல்லில் புது வேலை என்று நினைக்கலாம். ஹேமடைட் சோதனைக்குக் காந்தம் கொண்டுபோகாதீர்கள்: இன்றைய செயற்கை ஹேமடைட் பல காந்தத்தில் ஒட்டும், ஆனால் பண்டைக் காலத்தில் காந்தக்கல்லிலும் தாயத்து வெட்டினார்கள். உரசிப் பார்ப்பது பழைய கல்லைக் கெடுக்கும். மோதிரத்தில் பதிக்காத கல்லாக இருந்தால் நீரில் எடை பாருங்கள். ஹேமடைட்டின் அடர்த்தி நீரைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று மேல், ஜாஸ்பர் சுமார் 2.6 மடங்கு. கறுப்பு ஜாஸ்பரை ஹேமடைட் என்று எழுதிய பழைய பட்டியல்களை இது ஒரு நிமிடத்தில் திருத்தும்.

பெரும்பாலான கற்கள் எந்த மண்ணில் கிடைத்தன என்ற பதிவே இல்லாமல் சேகரிப்பாளர் கைவழியாக வந்தவை. அதனால் ‘எகிப்தில் செய்தது’ என்று உரு ஒன்றை வைத்து எழுதிவிட முடியாது. சிரியாவிலோ இத்தாலியிலோ வெட்டியிருக்கலாம். கல்லின் பயணம் அதைவிட நீளம். சூதுபவளமும் அகேட்டும் இந்தியாவிலிருந்து செங்கடல் வழியாகப் போயின. அந்த வழியிலிருந்த பெர்னிகே துறைமுகத்தில், செராபிஸ் கோயில் என்று அறியப்பட்ட கட்டடத்தின் முற்றத்தில் இந்தியப் பெருஞ்சாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடும் அதே ஊரில் கிடைத்திருக்கிறது.

கையிலோ படத்திலோ ஒரு கல் இருந்து ஒப்பிட விரும்பினால், புடாபெஸ்ட் நுண்கலை அருங்காட்சியகம் நடத்தும் காம்ப்பெல் போனர் தரவுத்தளம் இணையத்தில் இலவசம். உரு, சொல், கல்வகை மூன்றாலும் தேடலாம். முதலில் பின்பக்கச் சொல்லைக் கொடுத்துத் தேடுங்கள், பிறகு உருவை. உருவில் தொடங்கினால் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். யாரிடமாவது கருத்துக் கேட்பதானால் இரண்டு பக்கமும், ஓரப் பட்டையும், சாய்ந்த ஒளியில் எடுத்த படமும், அளவும் எடையும் சேர்த்து அனுப்புங்கள். முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லக்கூடியது மிகக் குறைவு.